மயிலிக்குப் போடாத ஊசி

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு ஞாயிறு மலரின் பெண்கள் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார்கள். "சிஸ்டர், புருசன் பொண்டாட்டி ஒட்டுதலுக்கு ஏதோ ஒரு ஹார்மோன் இருக்காம்லா. நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஆனா குடும்பத்தோட படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர். கட்டில் சமாச்சாரத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எப்படிப் படிப்பது என்று கேட்டேன். "அது உங்க சாமர்த்தியம்லா" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

என் பெயர் எல்ஸி. ஈப்போவில் ஒரு மகளிர் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். இப்போது 1988. அவ்வப்போது கதை எழுதுவேன். அதனால் என்னைப் பிடித்தால் மருத்துவமும் வரும், தமிழும் வரும் என்று நம்புகிறார்கள். கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

ஆக்சிடோசின் என்பது மூளையின் அடிப்பகுதியிலிருந்து சுரந்து

அவ்வளவுதான். 'சுரந்து' என்று எழுதியதும் எனக்கு ஒரு மாடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெண். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

கட்டுரையில் வரவேண்டியதை இங்கே சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு நாம் நிம்மதியாகக் கதைக்குள் போகலாம்.

பிரசவ அறையில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பொருளைத் தெரியும். வலி எடுக்காத பெண்ணுக்கு டிரிப்பில் கலந்து ஏற்றுவோம். கருப்பை சுருங்கும், பிள்ளை பிறக்கும். பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் தாயின் உடம்பு இதைத் தானாகவே சுரந்து பாலை இறக்கிவிடும். எங்களுக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். இப்போது டாக்டரம்மாவுக்கு வரும் சஞ்சிகைகளில் அதற்கு மேலும் எழுதுகிறார்கள். உடலுறவில் இன்பம் உச்சத்துக்குப் போகும்போது, பெண்ணுக்கும் ஆணுக்கும், இது இரத்தத்தில் கூடுகிறதாம். அணைப்பிலும், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்வதிலும் இதற்குப் பங்கு இருக்கலாமாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பெண்கள் பக்கக்காரர் வெட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே இன்னொரு முறை எழுதுகிறேன். இருக்கலாம்.

(ஒன்று விட்டுப்போனது. பயந்தால், வலித்தால், யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற நினைப்பு வந்தால், இது சுரக்காமல் நின்றுபோகும். பிள்ளை பெற்றவளிடம் நாங்கள் இதை நேரிலேயே பார்த்திருக்கிறோம். மாமியார் அறைக்குள் வந்தால் பால் இறங்காது. வெளியே போனால் இறங்கும்.)

சொற்கள்தான் தொல்லை. பத்திரிகையில் 'தாம்பத்தியம்' என்று எழுதச் சொல்வார்கள். எங்கள் கிளினிக்குக்குப் பெண்கள் வருகிற சிலிபின் பக்கத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக்கில் பெண்கள் "ஒண்ணா இருக்கிறது" என்பார்கள், அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

3

முதல் தொடக்கம்: "செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றைத் துண்டு போட்டு விற்றபோது" வேண்டாம். தோட்டம் போன கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அழுதும் முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது: "பால் மரமும் பெண்ணும் ஒன்றுதான், இரண்டையும் விடிவதற்குள்" சீ. இதை அடித்தாலும் தெரிகிற மாதிரியே விட்டுவைக்கிறேன். எனக்கும் இப்படியெல்லாம் எழுத வரும் என்பதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது: பத்துமலையிடம் இரண்டு மாடுகள் இருந்தன.

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

(ஆட்களின் பெயர்களை நான் வைத்தேன். மாட்டின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அது என்மேல் கோபித்துக்கொள்ளாது.)

பத்துமலை, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். தோட்டம் கைமாறியதும் அண்ணன் குடும்பத்தோடு சிலிபினுக்கு வந்து சேர்ந்தான். காலையில் சைக்கிளில் பால் ஊற்றுவான். அதை முடித்துவிட்டு ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்பார்கள், பலகைக் கிடங்குக்கு வேலைக்குப் போவான். மாடுகளில் மயிலி புதிதாக வந்தது. பாலை எக்கிக்கொள்ளும், அதாவது மடி நிறையப் பால் இருந்தாலும் இறக்காது. கிட்டே போனால் உதைக்கும்.

மற்ற மாட்டுக்காரர்கள் இதற்கு ஊசி போட்டுவிடுவார்கள். பால் ஊசி என்று பெயர். போட்ட சற்று நேரத்தில் பால் தானாக இறங்கிவிடும். பத்துமலை போடமாட்டான். வெந்நீரில் துணியை நனைத்து மடியைத் துடைப்பான். கன்றை முட்ட விடுவான். கழுத்தை நீவிக்கொண்டு, மாடு மூச்சை இறக்கி விடுகிற வரைக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். இதை நான் நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான். "ஊசி போட்டா பால் வந்திரும் மிஸ்ஸி. மாடு வராது."

எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. அதே நாளில், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அவன் தலையில் நறுக்கென்று குட்ட வேண்டும் போலவும் இருந்தது. அதற்கு வருகிறேன்.

4

பத்துமலையின் மனைவி நவமணியை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. முதல் வரைவில் அவளை அழவைத்தேன். அவள் அழவில்லை. இரண்டாவது வரைவில் பேசவே விடாமல் உட்காரவைத்தேன். அதுவும் பொய். தையல் ஆலையில் வேலை செய்தவள், வாயாடி. மேற்பார்வைக்காரி எப்படி நடப்பாள் என்று எனக்கு நடந்து காட்டியவள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் பேச்சு வராது.

1981இல் அவளைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தது பத்துமலையின் அண்ணி காளியம்மா. அந்தம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே தொடங்கிவிட்டார்.

"கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு மிஸ்ஸி. வயித்துல ஒண்ணும் தங்கல. தீவாளிக்குள்ள தெரியலன்னா பாகான் செராய்க்கே அனுப்பிறலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நான் என்ன செய்ய, ஒரே சுசா, கஷ்டமா இருக்கு."

பாகான் செராய் நவமணியின் தாய்வீடு. வயல்வெளிப் பக்கம். அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா சீனர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அவர் காளியம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். நவமணியைச் சோதித்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

"அப்ப ஏன் மிஸ்ஸி வலிக்குது?" என்றாள் நவமணி, சுவரைப் பார்த்து.

"எப்பவுமா?"

"எப்பவும். ஒடம்பு கல்லா ஆயிருது. நான் ஒண்ணும் செய்யல. அதுவா ஆயிருது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்ப சொல்றது? பலகைக்கு அந்தப் பக்கம் அவுங்க அண்ணன் இருமுறது எனக்குக் கேக்கும். அப்ப நாங்க ஒண்ணா இருக்கிறது அவருக்குக் கேக்கும்லா."

அந்த வீட்டை நான் விளக்கிவிட வேண்டும். தகரக் கூரை. நடுவில் பலகைத் தடுப்பு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் திறந்த வெளி. தோட்டத்து லயங்களிலும், அந்த வரிசை வீடுகளிலும், தடுப்பு அப்படித்தான் இருந்தது. அதனால் இங்கே அதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. லயத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்திருக்கும். புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் என்று இருந்தது, விடியும் முன் பெரட்டுக்கு* ஆள் கூப்பிடுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரம். சத்தம் கூடாது. பேச்சு கூடாது. சட்டென்று முடிய வேண்டும். பத்துமலை அப்படித்தான் பிறந்து, அப்படித்தான் வளர்ந்து, ஒன்றாக இருப்பது என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சிலிபினில் பெரட்டு கிடையாது. அவன் உடம்புக்கு அது தெரியவில்லை.

(* பெரட்டு: தோட்டத்தில் அதிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. தோட்டத்துக்காரர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.)

அவன் முரடன் இல்லை. இதை எழுதும்போது என் கை முரடன் என்று எழுதத்தான் போகிறது. எழுதினால் கதை சுலபமாகிவிடும். அவன் மாட்டிடம் கூடக் குரல் உயர்த்தாதவன். பொண்டாட்டியிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

5

அடுத்த வாரம் இருவரையும் சேர்ந்து வரச் சொன்னோம். வாசலில் காத்திருந்தபோதுதான் மயிலி கதையெல்லாம் சொன்னான். நவமணி பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு எதையும் முயற்சி செய்யவேண்டாம். சும்மா பக்கத்தில் உட்காருங்கள், பேசுங்கள். கையைப் பிடிப்பதானாலும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், வலித்தால் நிறுத்துங்கள். பயம் போனால்தான் உடம்பு இளகும். உடம்புக்குள்ளேயே ஒரு பொருள் ஊறுகிறது, தாய்க்குப் பாலை இறக்குவதும் அதுதான், இந்த விஷயத்திலும் அதற்குப் பங்கு இருக்குமோ என்று சிலர் யோசிக்கிறார்கள். இதைச் சொல்லும்போது டாக்டரம்மா விளக்குவதற்காக அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

பத்துமலை அதைக் கையில் எடுத்தான். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பிரச்சினை இவ்வளவுதானா என்று நினைத்தவனின் முகம்.

"இது நம்ம பால் ஊசிலா, மிஸ்ஸி."

"ஆமா. அதே மருந்துதான்."

"அப்ப இவளுக்கு ஒண்ணு போட்டு விடுங்க. எங்களுக்கும் செனாங், டாக்டருக்கும் லேசு."

அவன் கேலி செய்யவில்லை. நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் நவமணி பேசிவிட்டாள்.

"மயிலிக்குப் போட மாட்டேன்னு சொன்னீங்க."

பத்துமலை திரும்பிப் பார்த்தான்.

"இப்பத்தான் வெளிய சொன்னீங்க, பால் வரும், மாடு வராதுன்னு. மயிலி ஒதைக்கும். அதுக்காக ஒக்காந்திருக்கீங்க. நான் ஒதைக்கலலா, அதான்."

குரல் உயரவில்லை. பெரிய வசனம் பேசுகிறவள் மாதிரி எழுந்தும் நிற்கவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸி, பாகான் செராய் பஸ் காலையில ஏறணுமா, மதியமும் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

பத்துமலை குப்பியை மேசையில் வைத்தான். அது உருண்டுவிடாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருந்தான்.

6

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரர் ஆம்புரோஸிடம் படிக்கக் கொடுத்தேன். இரயில்வேயில் வேலை. எந்தக் கதையைப் படித்தாலும் யார் சரியான நேரத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கிறவர்.

"பொம்பளய மாட்டோட சேத்து எழுதுற. நல்லா வாங்கப் போற."

"நான் எங்க சேத்தேன்? அவன்தான் சேத்தான். அவ அதப் புடிச்சிக்கிட்டா."

"அப்ப ஊசி தப்பா?"

"டாக்டர் தேவைன்னு போட்டா தப்பில்ல. வலி எடுக்காம படுத்துக் கெடக்கிறவளுக்கு அது உசுரு. இங்க தேவை ஊசி இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, யாரைக் கேட்கிறார் என்று தெரியாத மாதிரி, "நான் ஒன்னைய என்னைக்காச்சும் கேட்டிருக்கேனா, எல்ஸி?" என்றார்.

(இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். இந்த அடித்தல் மட்டும் நன்றாகவே அடிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் படிக்க முடியாது.)

7

முடிவுக்கு வரவேண்டும். கைவசம் இரண்டு இருக்கின்றன.

பெண்கள் பக்கக்காரருக்குப் பிடிக்கிற முடிவு: அடுத்த வருடம் நவமணி ஒரு பிள்ளையோடு கிளினிக்குக்கு வருகிறாள், பின்னால் பத்துமலை ஒரு செம்புப் பாலோடு. எழுதிப் பார்த்தேன். படிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது பிள்ளை என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அது காளியம்மா சொன்னது.

என் கோபத்துக்குப் பிடித்த முடிவு: அவள் பஸ் ஏறிவிடுகிறாள். ஜன்னலோரம் உட்காருகிறாள். வயல் தெரியத் தொடங்கியதும் அவள் தோள் இறங்குகிறது. இதுவும் நியாயமான முடிவுதான். அப்படிப் போகிறவளைக் குறைசொல்ல இந்தக் கதையில் யாருக்கும் வாய் கிடையாது. ஆனால் இதை எழுதிய பிறகு எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை.

இனி, நான் கட்டாதது. நிஜமாகவே நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை மதியம், காளியம்மா கிளினிக்குக்கு வந்தார். கோபமாக இருந்தார்.

"நீங்க என்னத்த மிஸ்ஸி சொல்லிக் குடுத்தீங்க? தவுக்கேகிட்ட கேட்டு ஒரு கட்டு பலகை தூக்கிட்டு வந்திருக்கான். நேத்துலேர்ந்து தடுப்ப ஒசத்துறான். கூரை வரைக்கும் அடிக்கிறான். காத்து எப்படி வரும்? எங்க வீட்டுக்காரரு என்னடா இதுன்னு கேட்டா, 'நவமணிக்குச் சத்தம் ஆகலண்ணே'ன்றான். அண்ணன்கிட்ட சொல்ற பேச்சா இது? வெக்கம் இல்ல?"

வெட்கம் இருந்திருக்கும். அந்த வீட்டில் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவன் எவ்வளவு பட்டிருப்பான் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. காளியம்மாவுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

"நவமணி எங்க?" என்றேன்.

"அவளா? வேலைக்கும் போகல. பையக் கட்டி வாசப்படியில வச்சிருக்கா. மதிய பஸ்ஸுக்குப் போறாளாம். இவன் எல்லாத்தையும் அடிச்சிட்டு ஒரே ஒரு பலகைய மட்டும் விட்டு வச்சிருக்கான். அத அவ முன்னாடி சாத்தி வச்சிட்டு, சுத்தியலையும் பக்கத்துல வச்சிட்டு, 'ஒனக்கு வேணும்னா அடி, வேணாம்னா பஸ்ஸுக்கு நானே கொண்டு போயி விடுறேன்'ன்னான். சொல்லிட்டு குத்துக்கால் வச்சி ஒக்காந்தவன்தான், மாட்டுக்கிட்ட ஒக்காருற மாதிரி. பேச்சே இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு, கெளம்பி இங்க வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டார் யாரும் கிளினிக் பக்கம் வரவில்லை. சிலிபின் என்ன கடல் தாண்டியா இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்கிறார் ஆம்புரோஸ். நான் போகவில்லை.

8

நிஜத்தில் தெரியாததைக் கதையில் முடித்துவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஒரு வரி போதும். 'நவமணி குனிந்து சுத்தியலை எடுத்தாள்.' பாருங்கள், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. நீங்களும் ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டீர்கள்.

அந்த வரியை எடுத்துவிடுகிறேன். அது நான் போட்ட ஊசி. முடிவு வந்துவிடும், நவமணி வரமாட்டாள்.

அதனால் அவளை அங்கேயே விடுகிறேன். மதியம். அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறார். காளியம்மா என்னிடம் புலம்பிக்கொண்டிருக்கிறார். கொட்டகையில் மயிலி அசைபோடுகிறது. வாசற்படியில் பை. தரையில் சுத்தியல். பத்துமலை அவளைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டுவிட்டு ஒருவன் காத்திருப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். மாட்டிடம் அல்ல, தன்னிடம்.

தடுப்பின் உச்சியில் ஒரு பலகை அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. அவன் அண்ணனின் இருமல் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது அதன் வழியாக எட்டிப் பார்ப்பது யார் தெரியுமா? நீங்களும் நானும். இவ்வளவு நேரமாக.

அவள் பையை எடுத்தால் நமக்குத் தெரிந்துவிடும். வாசலைக் கடந்து, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கதைக்கு ஒரு முடிவு கிடைக்கும். அந்தப் பலகையை அவள் அடித்துவிட்டால் நமக்கு ஒன்றுமே தெரியாது. இளகினாளா, இல்லையா, கையைக் கொடுத்தாளா, இன்றைக்கு வேண்டாம் என்றாளா, அதற்கு அவன் சரி என்றானா, ஒன்றும் கேட்காது.

உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமலே போகட்டும்.